இரவல் கவனம்

உங்கள் கவனத்தை யாருக்காவது ஒன்றரை மணி நேரம் இரவல் கொடுத்திருக்கிறீர்களா? நகை கொடுத்திருப்பீர்கள். கல்யாணத்துக்குப் போக பட்டுப்புடவை கொடுத்திருப்பீர்கள். பைக் கொடுத்துவிட்டு, அது திரும்பி வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். கவனத்தை? திருப்பூரில் பூங்கொடி என்று ஒருத்தி கொடுத்தாள். கொடுத்துவிட்டு அவள் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

பூங்கொடி பதிமூன்று வருடமாக ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். தலைக்கு மேலே டியூப் லைட், முன்னால் டி-ஷர்ட் குவியல், விரலில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். ஒரு பீஸை எடுத்தால் கழுத்து, தோள், கை, பக்கத் தையல், அடிமடிப்பு என்று இருபது செகண்டில் கண் ஒரு சுற்று வந்துவிடும். தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, எங்கே எது இருந்தாலும் அங்கே ஒரு அம்பு. பத்துப் பீஸ் எடுத்துப் பார்த்து மூன்று தப்பு என்றால் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிவிடுவாள். நல்ல பீஸைப் பார்த்து ஒரு நாளும் ‘அட, நல்லா இருக்கே’ என்று அவள் சொன்னதில்லை. நல்ல பீஸ் என்றால் அடுத்த பீஸை எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவளுக்கு ஒரே மகள். சம்யுக்தா, ஒன்பது வயது. வீட்டில் சம்மு.

சம்முவைப் பல் தேய்க்க அனுப்பினால் அது ஒரு யாத்திரை. போகிற வழியில் கண்ணாடி, கண்ணாடிக்குப் பக்கத்தில் பல்லி, பல்லிக்கு ஒரு பெயர், பெயர் வைத்ததற்கு ஒரு பாட்டு. அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் பிரஷ் ஃபிரிட்ஜுக்குள் இருக்கும். ஷூ போடு, ஷூ போடு என்று பத்துத் தடவை பொறுமையாகச் சொல்லிப் பதினோராவது தடவை கத்தினால், அவள் ஏதோ சும்மா நின்றவளை நாய் கடித்த மாதிரி அலறி ஷூவைத் தூக்கிச் சுவரில் அடிப்பாள். டாக்டர் அதற்கு ஏ.டி.எச்.டி. என்று எழுதிக் கொடுத்திருந்தார். மூளையின் அமைப்பே அப்படி, அவள் வேண்டுமென்று செய்வதில்லை என்று நிதானமாக விளக்கினார். பூங்கொடி தலையாட்டினாள். ஆனால் நம்பவில்லை. டைனோசர் வீடியோ என்றால் மூன்று மணி நேரம் ஆடாமல் அசையாமல் பார்க்கிறாளே, அதற்கு மட்டும் கவனம் எங்கிருந்து வருகிறது? வேணும்னேதான் பண்றா. அப்படித்தான் பூங்கொடி உறுதியாக நினைத்தாள்.

சம்மு படித்தது மூன்றாவது பள்ளி. முதல் இரண்டும் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டன. இந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் போக அமர்வுத் தேர்வு என்று ஒன்று வைத்திருந்தார்கள். கணக்கு, தமிழ் எல்லாம் இரண்டாம் பட்சம். தொண்ணூறு நிமிடம் பெஞ்சை விட்டு எழக்கூடாது, அதுதான் தேர்வு. சம்மு முதல் தடவை இருபதாவது நிமிடம் எழுந்து, எறும்பு வரிசை எங்கே முடிகிறது என்று பார்க்கப் போனாள். இரண்டாம் தடவை பக்கத்துப் பிள்ளை ஓயாமல் மூக்கை உறிஞ்சியது தாங்காமல், தன் கைக்குட்டையைச் சுருட்டி அந்தப் பிள்ளையின் மூக்கில் அடைத்தாள். மூன்றாம் தடவையும் தவறினால் டி.சி. என்று கடிதம் வந்தது. இதை விட்டால் அவிநாசிக்கு அந்தப்பக்கம் ஒரு பள்ளிதான் இருக்கிறது. வேன் வராது. கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர வேண்டுமானால் பூங்கொடி வேலையை விட வேண்டும்.

அப்போதுதான் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில், கவனப் பரிமாற்ற மையம் திறந்திருக்கிறது என்று கம்பெனியில் யாரோ சொன்னார்கள்.

மையத்தில் இருந்த டெக்னீஷியன் பெயர் ஆரோக்கியதாஸ். பார்க்க ஏ.சி. ரிப்பேருக்கு வந்தவர் மாதிரி இருந்தார். இரண்டு கூந்தல் கிளிப்பை மேஜைமேல் வைத்தார். ரத்த சொந்தமாக இருந்தால் போதும், ஒன்று உங்களுக்கு, ஒன்று பாப்பாவுக்கு, பள்ளிக்கூடத்துக்காரர்களும் அனுமதிக்கிறார்கள், முன்கூட்டியே படிவம் கொடுத்தால் சரி என்றார்.

"என்ற கவனம் அவளுக்குப் போயிருச்சுன்னா எனக்கு என்னங்க இருக்கும்?" என்று பூங்கொடி கேட்டாள்.

"பாப்பாவோடது உங்களுக்கு வருமுங்கக்கா. மண்டைய காலியா விட முடியாதில்லீங்? அதனால நீங்க ஒரு பக்கமா உக்காந்துக்கோணும். வண்டி ஓட்டக்கூடாது, அடுப்புப் பக்கம் போகக்கூடாது."

"அவ என்ற கவனத்துல ஒழுங்கா எழுதுவாளா?"

"கவனம்னா தண்ணி மாதிரிங்க. யாரு குடத்துல இருந்து ஊத்துனா என்ன, தண்ணி தண்ணிதானுங்."

அவர் தப்பாகச் சொன்னார். ஆனால் அன்றைக்கு அது அவருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்து கணவன் குணசேகரிடம் சொன்னாள். அவன் பிரிண்டிங் பட்டறையில் இரவு ஷிப்ட். என்னுடையதை இரவல் கொடுத்தால் சம்மு பரீட்சை ஹாலிலேயே குறட்டை விடுவாள், உன்னுடையதையே கொடு, ஊரிலேயே கூர்மையான கண்ணு உனக்குத்தானே என்றான். பூங்கொடிக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதில் என்ன கஷ்டம் என்று நினைத்தாள். சம்முவிடம் தினம் சொல்வதும் அதைத்தான்.

தேர்வு நாள். சம்மு தலையில் கிளிப்போடு ஹாலுக்குள் போனாள். பள்ளி முற்றத்தில் வேப்பமரத்தடி பெஞ்சில் பூங்கொடியை உட்கார வைத்துவிட்டு, ஆரோக்கியதாஸ் கிளிப்பை அழுத்தினார். வாட்ச்மேன் நஞ்சப்பனிடம், அம்மா எழுந்திருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், நான் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நஞ்சப்பன் ராணுவத்தில் இருந்து வந்தவர். ஒரு ஆளை உட்கார வைப்பதெல்லாம் அவருக்கு ஒரு வேலையே இல்லை.

முதலில் பெரிய அமைதி. பதிமூன்று வருடமாகப் பூங்கொடியின் மண்டைக்குள் எரிந்துகொண்டிருந்த டியூப் லைட் அணைந்தது. எதிரே சுவரில் ஒரு வரைபடம் கோணலாகத் தொங்கியது. அது கோணல் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. அந்த வரைபடத்தில் இலங்கை ஒரு மாங்கொட்டை மாதிரி இருந்தது. இத்தனை நாள் இதை யாரும் சொல்லவில்லையே என்று ஆச்சரியப்பட்டாள். பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் கூப்பிட ஆரம்பித்தன. குழாய் சொட்டியது, அது கூப்பிட்டது. அணில் கூப்பிட்டது. ரவிக்கையின் உள்பக்கத் தையல் முதுகில் ஒரு கம்பளிப்பூச்சியாக ஊர்ந்தது. நான் உட்கார வேண்டும், சம்முவுக்காக உட்கார வேண்டும் என்று மனசார நினைத்தாள். பொய்யில்லை, சத்தியமாக நினைத்தாள். நினைத்து முடிக்கும்போது குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

குழாயைத் திறந்து செடிக்குத் தண்ணீர் பிடித்தாள். பாதிச் செடிக்கு ஊற்றும்போது நோட்டீஸ் போர்டு தெரிந்தது. அதில் குத்தியிருந்த பின்களைக் கலர் வாரியாக மாற்றிக் குத்தினாள், மூன்று வரிசை வரைக்கும். அங்கே அவளுடைய ஒரு செருப்பு கழன்று நின்றுவிட்டது. அவள் கொண்டுவந்த டிபன் டப்பாவின் மூடி வேப்பமரத்துக் கிளையில் எப்படியோ உட்கார்ந்திருந்தது. அவள் போன வழியெல்லாம் பாதி வேலைகள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

வராண்டா மூலையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. பள்ளி மணி. பக்கத்தில் சுத்தியல். அந்த இரும்பு எப்படிச் சத்தம் போடும் என்று தெரிந்துகொள்வதை விட முக்கியமான விஷயம் உலகத்தில் அந்த நிமிடம் வேறு எதுவும் இல்லை. மணி அடித்தால் தேர்வு முடிந்தது என்று அர்த்தம், பிள்ளைகள் எல்லாம் எழுந்துவிடும், சம்முவும் எழுந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். எங்கேயோ தெரியும். அந்தத் தெரிதல் ஒரு ஊர் தள்ளி நின்று கையாட்டிக்கொண்டிருந்தது. சுத்தியலை ஓங்கினாள்.

"ஏம்மா, உக்காருங்கன்னா உக்கார மாட்டீங்களா!"

காதுக்குள் வெடி வைத்த மாதிரி இருந்தது. ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து ஒரு ஆள் முளைத்து, காரணமே இல்லாமல் அவளைப் பார்த்துக் கத்துகிறான். என்ன செய்கிறோம் என்று தெரிவதற்குள், காலில் மிச்சமிருந்த இன்னொரு செருப்பு கையில் வந்து, கையிலிருந்து பறந்து, நஞ்சப்பனின் தோளில் பட்டு விழுந்தது.

"பதினோரு தடவை சொல்லிட்டனுங்க," என்றார் நஞ்சப்பன். அவர் குரலில் கோபத்தை விட மலைப்புதான் அதிகம். "பத்துத் தடவை நல்ல விதமாத்தான் சொன்னேன். வேணும்னே பண்றீங்களா?"

பூங்கொடி வாயைத் திறந்தாள். பத்துத் தடவையா? அவளுக்கு ஒன்றுதான் கேட்டது. கடைசி ஒன்று, கத்தினது. அதற்கு முன்னால் யாரும் எதுவும் சொல்லவே இல்லை. இதைச் சொன்னால் இவர் நம்புவாரா? நான் நம்பியிருக்கிறேனா? சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதாள். அழும்போதே ஒரு வண்டு வந்தது. அழுகையைப் பாதியில் விட்டுவிட்டு அதைப் பார்த்தாள்.

தொண்ணூறு நிமிடம் ஆனதும் ஆரோக்கியதாஸ் வந்து கிளிப்பை அழுத்தினார். அவளுடைய கவனம் வீடு திரும்பியது. வந்ததும் வராததுமாக, நஞ்சப்பன் சட்டையில் மூன்றாவது பட்டன் வேறு கலர் என்று சொன்னது.

தலைமையாசிரியை ஹேமலதா மேடம் அறைக்குக் கூப்பிட்டார். ஹாலில் நடந்ததை அவர் சொல்லத்தான் பூங்கொடிக்குத் தெரிந்தது.

சம்யுக்தா தொண்ணூறு நிமிடமும் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தாளாம். ஆனால் ஒரு விடைகூட எழுதவில்லை. கேள்வித்தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, மேல் ஓரம், கீழ் ஓரம், இடது, வலது என்று பார்த்தாளாம். ஏழாம் கேள்வி இருக்க வேண்டிய இடத்தில் கேள்வியே இல்லை, ஆறுக்குப் பிறகு எட்டு. அங்கே சிவப்புப் பென்சிலில் ஒரு அம்பு. மை மங்கிய இடத்தில் ஒரு அம்பு. பிறகு முன்னும் பின்னும் கையை நீட்டி இன்னும் ஒன்பது பேரின் தாளை வாங்கிப் பார்த்திருக்கிறாள். எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியேதான். பார்த்து முடித்ததும், மேற்பார்வைக்கு நின்ற ஆசிரியையிடம், பத்துக்குப் பத்தும் போச்சுங்க டீச்சர், மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிருங்க என்று சொல்லியிருக்கிறாள். அவள் சொன்ன தோரணையில் டீச்சர் நடுங்கிப்போய் எல்லாத் தாளையும் சேகரித்துக் கட்டிவிட்டார். மீதி நேரத்தில் முன்சீட்டுப் பிள்ளையின் காலர் கோணல் என்று அதன் முதுகில் ஒரு அம்பு. டீச்சரின் புடவை ஃபால்ஸ் ஒரு இஞ்ச் குறைவு என்று ஒரு தகவல்.

"ஆனா உக்காந்துட்டா இல்லீங்களா மேடம்?" என்றாள் பூங்கொடி. "உக்கார்றதுதானுங்களே பரீட்சை?"

ஹேமலதா மேடம் ஒரு சுற்றறிக்கையை எடுத்து வைத்தார். கவனம் யாருடையதோ செயலும் அவருடையது என்று அதில் போட்டிருந்தது. ஹாலில் தொண்ணூறு நிமிடம் உட்கார்ந்தது பூங்கொடியின் கவனம். ஆகவே அமர்வுத் தேர்வில் தேறியது பூங்கொடி. ஆறாம் வகுப்பு ‘பி’ பிரிவு வருகைப் பதிவேட்டில் அவள் பெயரையும் ஏற்றியாயிற்று. முற்றத்தில் குழாயைத் திறந்து விட்டது, மணியடிக்கப் போனது, வாட்ச்மேன்மேல் செருப்பை வீசியது எல்லாம் சம்யுக்தாவின் கவனம். ஆகவே ஒழுங்கு நடவடிக்கை சம்யுக்தாமேல்.

"செருப்பை எறிஞ்சது நானுங்க மேடம்."

"கை உங்களுது. கவனம் அவளோடது."

பூங்கொடிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மேடம் ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை. ஒரு வழி இருக்கிறது என்று அவரே சொன்னார். ஒரு அச்சடித்த படிவத்தை நீட்டினார். ‘என் மகள் மேற்கண்ட செயலை வேண்டுமென்றே செய்தாள் என்று ஒப்புக்கொள்கிறேன்.’ கீழே பெற்றோர் கையொப்பம். இதில் போட்டுக் கொடுத்தால் ஒரு வருடம் அதே வகுப்பில் வைத்துக்கொள்ளலாம்.

"வேணும்னு பண்ணினான்னா தண்டிக்கலாம். தண்டிச்சா திருந்துவா. திருந்தற பிள்ளைய ஸ்கூல்ல வெச்சுக்க ரூல் இருக்கு," என்றார் மேடம். "வேணும்னு பண்ணலைன்னா திருத்த என்னம்மா இருக்கு? அந்த மாதிரி பிள்ளைய வெச்சுக்கத்தான் ரூல் இல்ல. நாளைக்குக் காலையில சொல்லுங்க."

போன வாரம் இதே படிவத்தை நீட்டியிருந்தால் பூங்கொடி பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டிருப்பாள். கூடவே நாலு வரி சேர்த்தும் எழுதியிருப்பாள். இப்போது அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பேக்கரியில் அம்மாவும் மகளும் ஆளுக்கு ஒரு தேங்காய் பன் வாங்கிக்கொண்டு நின்றார்கள். சம்மு வழக்கம்போல இல்லை. பன்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உனக்கு எந்நேரமும் இப்படித்தான் இருக்குமா?"

"எப்படி சாமி?"

"எதப் பாத்தாலும் அதுல எது கோணலோ அதுமட்டும்தான் தெரியுது. ஜன்னலுக்கு வெளிய மயில் வந்து தோகை விரிச்சு ஆடுச்சாம்மா. எல்லாரும் பாத்தாங்களாம். நானும் அந்தப்பக்கம் பாத்தேன். எனக்கு ஜன்னல் கம்பியில பெயிண்ட் உரிஞ்சதுதான் தெரிஞ்சுது." கொஞ்ச நேரம் பன்னைக் கடித்தாள். "என்னையப் பாக்கறப்பவும் உனக்கு அப்படித்தான் தெரியுமா?"

பேக்கரிக்காரர் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டே இருந்தார். பிறகு பூங்கொடி வேறு எதையோ சொல்வதுபோல, அந்த வாட்ச்மேன் பத்துத் தடவை உட்காரச் சொன்னாராம், எனக்கு ஒரு தடவைதான் கேட்டது என்று சொன்னாள்.

சம்மு அதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை என்பதுபோலப் பார்த்தாள். "ஆமா. கத்தறது மட்டும்தான் கேக்கும். அதான் எல்லாரும் என்கிட்ட எப்பவும் கத்திட்டே இருக்கற மாதிரி இருக்கும்." பிறகு, "நீ என்ன பண்ணுன?" என்று கேட்டாள்.

"செருப்பை எறிஞ்சேன்."

"பட்டுச்சா?"

"தோள்ல."

"நான் எறிஞ்சா படவே படாது," என்றாள் சம்மு, உண்மையான மரியாதையோடு.

பூங்கொடி பேக்கரி வாசலில் நின்று சிரித்த சிரிப்பில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைக்க வேண்டியது நிறைய இருந்தது.

சாயங்காலம் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த குணசேகரிடம் படிவத்தைக் காட்டினாள். அவன் படித்துவிட்டு, ஒரே ஒரு வார்த்தைதானே, போட்டுவிட்டு வந்துவிடு, நாம் வீட்டில் தினமும் சொல்கிற வார்த்தைதானே என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. வேலை போய்விடும், இவ்வளவு வருட வேலை. அடுத்த மாதம் அவளை சூப்பர்வைசர் ஆக்குவதாகப் பேச்சும் இருந்தது. பூங்கொடி அவனிடம், அந்த வார்த்தை நிஜமில்லை என்று மட்டும் சொன்னாள். அது உனக்கு எப்படித் தெரியும் என்றான். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்றாள், ஏதோ பக்கத்து ஊருக்குப் போய்வந்த மாதிரி.

சாப்பாட்டுக்கு நேரமானது. சம்மு கூடத்தில் தரையில் படுத்து, ஃபேனின் மூன்று இறக்கைக்கும் பெயர் யோசித்துக்கொண்டிருந்தாள். பூங்கொடி சமையலறையிலிருந்து கூப்பிட வாயெடுத்தாள். நிறுத்திக்கொண்டாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை வைத்து, அவள் கண் தன் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, "தோசை ஊத்தட்டுமா?" என்றாள். சம்மு உடனே எழுந்து வந்தாள். வழியில் கண்ணாடியிடம் ஒரு நிமிடம் நின்றாள். ஆனால் வந்தாள். பூங்கொடி அந்த ஒரு நிமிடத்தைப் பார்த்தாள். அடுப்பைக் கொஞ்சம் குறைத்து வைத்துவிட்டு நின்றாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பூங்கொடி பள்ளிக்குப் போனாள். படிவத்தில் கையெழுத்துப் போடாமல் அப்படியே திருப்பிக் கொடுத்தாள். பத்தரை மணிக்கு ஹேமலதா மேடம் இரண்டு டி.சி. கொடுத்தார். ஒன்று ஐந்தாம் வகுப்பு சம்யுக்தாவுக்கு, மற்றது ஆறாம் வகுப்பு பூங்கொடிக்கு.